குடும்பத்தின் நிகர மதிப்பைக் கணக்கெடுப்பது: முதல் தாளிலிருந்து தொடங்குவோம்

எங்கள் குடும்பத்தின் நிகர மதிப்பை முதன்முதலாகக் கணக்குப் போட்ட அன்று, இருப்பதைவிட இரண்டு லட்சம் கூடுதலாக வந்தது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம். மூன்றாம் நாள்தான் புரிந்தது. முதிர்ந்துபோன ஒரு வைப்புத்தொகையின் பணம் ஏற்கெனவே சேமிப்புக் கணக்குக்கு வந்துவிட்டிருந்தது. பழைய ரசீது பைலிலேயே கிடந்ததால் நான் அதையும் தனி வரியாக எழுதியிருந்தேன். ஒரே பணம், இரண்டு இடத்தில்.

அந்தத் தவறையும் அதற்குப் பிறகு செய்த இன்னும் சிலவற்றையும் கடந்து வந்தவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். நிதி ஆலோசகர் இல்லை. வீட்டில் கணக்கு எழுதுகிற ஆள், அவ்வளவுதான்.

நிகர மதிப்புக்குச் சூத்திரம் ஒரே வரிதான்: உங்களிடம் இருப்பவற்றின் இன்றைய மதிப்பைக் கூட்டுங்கள், நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கழியுங்கள். கம்பெனிகள் ஆண்டு முடிவில் போடும் இருப்புநிலைக் குறிப்பு, இலங்கையில் ஐந்தொகை என்று சொல்வது, அடிப்படையில் இதே சங்கதிதான். அதற்கு அடிப்படையான, ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை லூக்கா பச்சோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494இல் வெனிசில் அச்சிட்டு விளக்கினார். அதற்கு முன்பே வணிகர்கள் அப்படி எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். வியாபாரத்தில் ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக நடப்பதைக் குடும்பத்துக்குச் செய்யப் போகிறோம். வியாபாரிக்கு லாபம் தெரிய வேண்டும். நமக்குத் தெரிய வேண்டியது வேறு: நாளைக்குச் சம்பளம் நின்றுபோனால், சேர்த்து வைத்திருப்பது குடும்பத்தை எவ்வளவு தூரம் தாங்கும்?

அந்தக் கேள்விக்கு நிகர மதிப்பு மட்டும் பதில் சொல்லாது. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். முதலில் தாளைத் தயார் செய்வோம்.

ஒரு தேதியைக் குறியுங்கள்

எல்லா எண்களும் ஒரே நாளுக்கு உரியவையாக இருக்க வேண்டும். மாதக் கடைசி நாள் வசதி. பங்குகளை 20ஆம் தேதி விலையிலும் வங்கி இருப்பை 3ஆம் தேதியிலும் எடுத்தால், நடுவில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போன பணம் இரண்டிலும் விழும், அல்லது இரண்டிலும் விடுபடும். என் இரண்டு லட்சமும் இந்த வகைதான்.

எதில் எழுதுவது என்பதில் நேரத்தை விரயமாக்காதீர்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க், கோடு போட்ட நோட்டு, எது கைக்குப் பழக்கமோ அது. எல்லாக் கணக்கையும் தானாக இணைத்துக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. தொடக்கத்தில் அவை வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு எண்ணையும் நீங்களே தேடிப் பிடித்துத் தட்டும்போதுதான் "இப்படி ஒரு கணக்கு இருப்பதே மறந்துபோச்சே" என்பது நடக்கும். செயலிக்கு மறந்துபோன கணக்கு தெரியாது.

இருப்பதை எழுதுங்கள்

கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகவும் உள்ள எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு கணக்கு. "வங்கியில் 6 லட்சம்" என்று மொத்தமாக எழுதினால் அடுத்த முறை எது கூடியது, எது குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

வங்கி இருப்பு, வைப்புத்தொகை, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், ஓய்வூதியக் கணக்கு ஆகியவை சுலபம். அறிக்கையில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து எழுதலாம். பொதுவாக விட்டுப்போகிறவை வேறு: வேலை மாறியபோது பழைய கம்பெனியின் ஓய்வூதியத் திட்டத்திலேயே தங்கிவிட்ட பணம், வாடகை வீட்டுக்குக் கொடுத்த முன்பணம், திரும்பி வரவேண்டிய வரி, பிள்ளைகள் பெயரில் எப்போதோ தொடங்கிய கணக்கு. இவற்றைத் தேட ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

மதிப்புப் போடுவதில்தான் வம்பு தொடங்கும். என் விதி இது: நாளைக்கே விற்றால் செலவெல்லாம் போகக் கையில் என்ன நிற்குமோ, அதுதான் மதிப்பு. வாங்கிய விலையும் அல்ல, ஆசைப்படும் விலையும் அல்ல.

ஆயுள் காப்பீட்டில் முதிர்வுத் தொகையை எழுதாதீர்கள். இன்று சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியிலேயே முடித்துக்கொண்டால், என்ன தருவார்களோ அதை எழுதுங்கள். அது பல நேரம் கட்டியதைவிடக் குறைவாக இருக்கும், வயிறு எரியத்தான் செய்யும். இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசிக்குச் சொத்து மதிப்பு பூஜ்யம். அது வேண்டிய பாலிசிதான், ஆனால் இந்தத் தாளில் அதற்கு வேலை இல்லை.

நகையை எடையைக் கொண்டு மதிப்பிடுங்கள். செய்கூலி, சேதாரமெல்லாம் வாங்கிய அன்றே போயாச்சு. கல் எடையையும் கழிக்க வேண்டும். கார், பைக்குக்கு அதே வயதுள்ள வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, ஆண்டுக்கு ஒரு முறை குறைத்துக்கொண்டே வாருங்கள். சோபா, டிவி, ஃபிரிட்ஜ் எதையும் எழுதாதீர்கள். வீட்டுச் சாமான்களுக்கு விலை போட்டுக் கூட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் முதல் முறை வரும். விற்கப் போனால் தெரியும் அதன் லட்சணம்.

குடியிருக்கும் வீட்டுக்கு வருவோம். பக்கத்து வீடு போன விலையைக் கேட்டு நம் வீட்டுக்கும் அதே விலை போடுவது மனித இயல்பு. இந்த ஒன்றில் மட்டும் என் விதியை நானே மீறி, வாங்கிய விலையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். விற்கிற எண்ணம் இல்லாதபோது அதன் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? அப்படி வைக்க மனம் வராதவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும், கொஞ்சம் அடக்கமாகவே மாற்றலாம். மூன்று மாதத்துக்கொரு முறை வீட்டு விலையை ஏற்றினால், மற்ற எல்லா உழைப்பையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடும்.

இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். முதலாவது, மற்றவர்களுக்குக் கொடுத்த கைமாற்று. திரும்பி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதலாம். கேட்கவே கூச்சமாக இருக்கும் கடன் என்றால் அது வராக்கடன், பூஜ்யம் போடுங்கள். வந்தால் லாபம். இரண்டாவது, உடன்பிறந்தவர்களோடு இன்னும் பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து. உங்கள் பெயருக்கு வரும்வரை அது உங்கள் தாளில் இல்லை.

கொடுக்க வேண்டியதை எழுதுங்கள்

கடன்களில் எழுத வேண்டியது மீதமுள்ள அசல். கட்ட வேண்டிய தவணைகளின் மொத்தம் அல்ல. வாங்கிய தொகையிலிருந்து கட்டிய தவணைகளைக் கழித்து வரும் எண்ணும் அல்ல. இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

30 லட்சம் வீட்டுக் கடன், ஆண்டுக்கு 9% வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,992 வரும். முதல் மாதத்து வட்டி மட்டும் 22,500. ஆக, அந்தத் தவணையில் அசலுக்குப் போவது 4,492தான். இப்படியே ஐந்து ஆண்டு தவறாமல் கட்டினால் மொத்தம் 16.2 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்திருப்பது கிட்டத்தட்ட 3.4 லட்சம். இன்னும் 26.6 லட்சம் பாக்கி. நான் முதல் தாளில் "ஐந்து வருஷம் கட்டிவிட்டோம், பாதிக் கடன் போயிருக்கும்" என்ற தைரியத்தில் ஒரு எண்ணை எழுதிவிட்டு, பிறகு வங்கி அறிக்கையைப் பார்த்து வாயடைத்துப் போனேன். கடன் கணக்கின் அறிக்கையில் நிலுவை அசல் என்று ஒரு எண் இருக்கும். அதைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

கிரெடிட் கார்டில் பில் வந்த தொகை மட்டும் போதாது. பில் போட்ட பிறகு இந்த நாள்வரை தேய்த்ததும் கடன்தான். மாதா மாதம் முழுசாகக் கட்டிவிடுகிறவர்கள் இதைக் கடனாகவே நினைப்பதில்லை. ஆனால் அந்தத் தேதியில் அது உங்கள் வங்கி இருப்பில் உட்கார்ந்திருக்கும் அடுத்தவர் பணம். "வட்டியில்லாத் தவணை" என்று வாங்கிய போனுக்கு மீதித் தவணைகளும் அப்படித்தான்.

அப்புறம், உறவினர்களிடம் வாங்கிய கைமாற்று. எழுத்தில் இல்லாததால் கணக்கிலும் இல்லாமல் போய்விடும். கொடுத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், தொகையைக் கூட்டலில் சேர்க்க வேண்டாம். ஆனால் தாளின் அடியில் சிவப்பில் ஒரு குறிப்பு இருக்கட்டும்.

ஒரு தாள், எண்களோடு

இருவர் சம்பாதிக்கும் ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் லட்சத்தில்.

சேமிப்புக் கணக்குகள்: 1.8
வைப்புத்தொகை: 4.0
பங்கும் மியூச்சுவல் ஃபண்டும்: 11.5
இருவரின் ஓய்வூதியக் கணக்கு: 9.2
காப்பீட்டின் சரண்டர் மதிப்பு: 0.9
குடியிருக்கும் வீடு: 55.0
கார்: 3.5
நகை: 6.0
இருப்பது மொத்தம்: 91.9

வீட்டுக் கடன் அசல்: 26.6
கார் கடன்: 1.7
கிரெடிட் கார்டு: 0.4
கைமாற்று: 1.0
கொடுக்க வேண்டியது மொத்தம்: 29.7

நிகர மதிப்பு: 62.2

62 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிற பலர் இந்த இடத்தில் தாளை மூடிவிடுகிறார்கள். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு நிதிச் சுதந்திரத்துக்கு, அதாவது சம்பளம் இல்லாமலே சேர்த்ததை வைத்து வாழ்வதற்கு, எவ்வளவு தூரம் என்று அளந்தால் ஏமாந்து போவோம்.

சோறு போடும் பணத்தைத் தனியே பிரியுங்கள்

குடியிருக்கும் வீட்டின் ஒரு செங்கல்லைப் பெயர்த்து மளிகைக் கடையில் கொடுக்க முடியாது. காரும் அப்படியே, அது சம்பாதிக்காது, தின்னும். நகையை விற்கவே போவதில்லை என்று வீட்டில் தீர்மானம் இருந்தால் அதுவும் இந்தப் பக்கம்தான். இவையெல்லாம் சொத்து, மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் நின்ற மாதத்தில் இவை செலவுக்குப் பணம் தராது.

ஆகவே இரண்டாவதாக ஒரு எண் வேண்டும். நாங்கள் வீட்டில் அதை "சோறு போடும் பணம்" என்றே சொல்கிறோம். மேலே உள்ள குடும்பத்துக்கு முதல் ஐந்து வரிகளைக் கூட்டினால் 27.4. அதிலிருந்து வீட்டுக் கடன் தவிர்த்த மற்றக் கடன்கள் 3.1ஐக் கழியுங்கள். மீதி 24.3 லட்சம்.

பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் இருந்தால் அதையும் இதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம், தேதிதான் இன்னும் வரவில்லை. அவசரக் கால நிதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இரு கட்சி உண்டு. நான் சேர்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் சேர்க்க வேண்டும் என்கிறார். எதைச் செய்தாலும் வருஷா வருஷம் மாற்றாமல் செய்யுங்கள்.

ஓய்வூதியக் கணக்கில் ஒரு நெளிவு இருக்கிறது. சில திட்டங்களில் எடுக்கும்போது வரி பிடிப்பார்கள், சிலவற்றைக் குறிப்பிட்ட வயதுவரை தொடவே முடியாது. நாற்பத்தைந்தில் வேலையை விட நினைப்பவருக்கு அறுபதில் திறக்கும் பெட்டியில் பாதிப் பணம் இருந்தால், நடுவில் உள்ள பதினைந்து ஆண்டுக்கு வேறு வழி வேண்டும். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் "எப்போது எடுக்கலாம்" என்று மேலிருந்து கீழாக ஒரு பத்தி (காலம்) போட்டு ஆண்டைக் குறித்துவையுங்கள்.

எவ்வளவு இருந்தால் போதும்?

இதற்குப் பலரும் பிடித்துக்கொள்ளும் கணக்கு ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன்பத்திர வருமானத்தை எடுத்துக்கொண்டு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் பணம் 30 ஆண்டு தாங்க முதல் ஆண்டில் சேமிப்பில் எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்று பார்த்தார். சுமார் 4% என்று வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே தொகையைப் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 1998இல் டெக்சாசின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் இதே கேள்வியை விரிவாக ஆராய்ந்தார்கள். நூறை நாலால் வகுத்தால் 25. மந்திரம் ஒன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியது, அது அமெரிக்கச் சந்தையின் கணக்கு, 30 ஆண்டுக்கான கணக்கு. நாற்பதில் ஓய்வு பெறுகிறவருக்கு ஐம்பது ஆண்டு தேவைப்படலாம். பணவீக்கம் அதிகமுள்ள நாட்டில் வாழ்கிறவருக்கும் அது அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. எச்சரிக்கைக்காரர்கள் 30 மடங்கு, 33 மடங்கு வைத்துக்கொள்கிறார்கள். 33 மடங்கு என்றால் ஆண்டுக்குச் சுமார் 3% எடுப்பது. நாங்கள் 30இல் நிற்கிறோம், சண்டை போட்டு வந்த சமாதானம் அது.

நம் கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். வீட்டுக் கடன் தவணை போக ஆண்டுச் செலவு 6 லட்சம். 25 மடங்கு என்றால் 150 லட்சம். தவணையைச் செலவில் சேர்க்காததற்குக் காரணம், அது என்றைக்காவது முடிந்துபோகும். ஆனால் அந்தக் கடன் காற்றில் கரைந்துவிடாது. ஆகவே மீதி அசல் 26.6ஐ இலக்கோடு கூட்டிக்கொள்ளுங்கள், 176.6. ஒவ்வொரு தவணைக்கும் இந்த இலக்கு தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். நிகர மதிப்பு 62.2ஐ 150ஆல் வகுத்தால் 41% வந்துவிட்டோம் என்று தோன்றும். 24.3ஐ 176.6ஆல் வகுத்தால் 14% கூட இல்லை. அதே குடும்பம், அதே நாள். முதல் எண்ணை நம்பி வேலையை விடத் தேதி குறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுச் செலவை ஊகித்து எழுதாதீர்கள். பன்னிரண்டு மாத வங்கி அறிக்கை, கார்டு அறிக்கைகளிலிருந்து எடுங்கள். மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கினால் காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி ரிப்பேர், கல்யாணத்துக்குப் போய்வந்த செலவு எல்லாம் விடுபடும். பன்னிரண்டு மாதமும் "இந்த மாசம் மட்டும் கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஆண்டுக் கணக்கில் அந்தச் சாக்கு எடுபடாது. வாடகையோ நிரந்தர ஓய்வூதியமோ மாதா மாதம் வருகிறது, வேலையை விட்டாலும் நிற்காது என்றால், அதை ஆண்டுச் செலவில் கழித்துவிட்டு மீதியை 25ஆல் பெருக்குங்கள். அப்படிக் கழித்தால் அந்த வாடகை வீட்டின் விலையைச் சோறு போடும் பணத்தில் சேர்க்கக் கூடாது. ஒரே பசுவை ஒரு தடவைதான் எண்ணலாம்.

இலக்கு நிற்கும் கல் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பணவீக்கம் 6% என்றால் 72ஐ ஆறால் வகுங்கள், சுமார் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை செலவைப் புதிதாக எடுத்து இலக்கை மாற்றி எழுதுங்கள்.

மூன்று மாதம் கழித்து

முதல் தாள் ஒரு புகைப்படம். இரண்டாவது தாள் எழுதும்போதுதான் கதை தெரியத் தொடங்கும். எத்தனை நாளுக்கு ஒரு முறை? தினமும் பார்ப்பது வியாதி. மாதம் ஒரு முறை பரவாயில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும் என்பது என் அனுபவம். பழைய எண்ணை அழித்து எழுதாதீர்கள். பக்கத்தில் புதுப் பத்தி போடுங்கள்.

மொத்தம் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். எதனால் ஏறியது என்று பிரிக்க வேண்டும். வழி எளிது. முதலீட்டுக் கணக்குகளில் இந்த மூன்று மாதத்தில் நீங்கள் புதிதாகப் போட்டது எவ்வளவு என்று தனியே குறித்துவையுங்கள். சம்பளத்தில் ஓய்வூதியத்துக்குப் பிடித்ததும் நிறுவனம் தன் பங்காகப் போட்டதும் இதில் சேரும். முடிவு இருப்பிலிருந்து தொடக்க இருப்பைக் கழியுங்கள், நீங்கள் போட்டதையும் கழியுங்கள். மீதி நிற்பது சந்தையும் வட்டியும் செய்த வேலை.

ஒரு காலாண்டில் சோறு போடும் பணம் 23.1இலிருந்து 24.3 ஆனது என்று வையுங்கள். ஏற்றம் 1.2. பிரித்துப் பார்த்தால் குடும்பம் போட்டது 1.5, சந்தை எடுத்துக்கொண்டது 0.3. அடுத்த காலாண்டில் 24.3 என்பது 26.2 ஆகிறது. ஏற்றம் 1.9, போன தடவையைவிட அதிகம். ஆனால் பிரித்தால் குடும்பம் போட்டது 0.6தான், 1.3ஐச் சந்தை கொடுத்திருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவர் இரண்டாவது காலாண்டுக்குத்தான் கைதட்டுவார். உண்மையில் அந்த மூன்று மாதத்தில் கையிலிருந்து பணம் எங்கேயோ ஒழுகியிருக்கிறது, சந்தை அதை மூடி மறைத்துவிட்டது. சந்தை நம் கையில் இல்லை. நாம் போடுவது மட்டும்தான் நம் கையில். அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அது எவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு. கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறீர்கள், பணவீக்கம் போக ஆண்டுக்கு 5% வளர்ச்சி, இலக்கு 25 மடங்கு. வருமானத்தில் 10% மட்டும் சேமித்தால் இலக்கை எட்ட 51 ஆண்டு. 25% சேமித்தால் சுமார் 32 ஆண்டு. 50% என்றால் 17 ஆண்டுக்குள். சேமிப்பு கூடும்போது இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது: பணம் வேகமாகச் சேர்கிறது, செலவு குறைவதால் இலக்கும் சின்னதாகிறது. 50% சேமிக்க முடியாத குடும்பங்கள்தான் அதிகம், அது குற்றம் இல்லை. சொல்ல வருவது, எந்த ஃபண்டில் அரை சதவீதம் அதிகம் கிடைக்கும் என்று ராத்திரியெல்லாம் தேடுவதைவிடச் சேமிப்பு விகிதத்தை ஒரு படி ஏற்றுவது தொடக்க ஆண்டுகளில் அதிகம் நகர்த்தும்.

ஆண்டுகள் போகப் போக இந்த விகிதம் மாறும். சோறு போடும் பணம் பெரிதாகிவிட்டால், சந்தையின் ஒரே மாதத்து அசைவு உங்கள் ஒரு வருஷச் சேமிப்பைத் தாண்டும். முதன்முறை அப்படி இறங்கும்போது தாளைப் பார்க்கவே பிடிக்காது. எனக்கும் ஒரு தடவை அப்படி ஆனது, அந்தக் காலாண்டை எழுதாமலே விட்டேன். இப்போது அந்தக் காலிப் பத்தியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. இறங்கியது திரும்ப ஏறிவிட்டது, விட்டுப்போன எண் விட்டுப்போனதுதான்.

வீட்டில் இருவருக்கும் தெரிய வேண்டும்

எல்லா வீட்டிலும் கணக்குப் பார்க்கிற ஆள் ஒருவர், "நீயே பார்த்துக்கோ" என்கிற ஆள் ஒருவர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு நீ இல்லேன்னா இதுல ஒவ்வொண்ணும் எங்க இருக்கு, யாரைக் கேக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பதில் இல்லை. அன்றைக்கே மூன்று பத்திகள் சேர்த்தோம்: கணக்கு யார் பெயரில், நியமனதாரர் (நாமினி) யார், மூல ஆவணம் எந்த பைலில். நியமனதாரர் பத்தியை நிரப்பும்போதுதான் ஒரு பழைய கணக்கில் என் அப்பா பெயரே இன்னும் இருப்பது தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் திறந்தது. அவர் போயே ஆறு வருஷம்.

கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதுங்கள். கடவுச்சொல், பின் எண் எதுவும் இந்தத் தாளில் வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் வைத்திருந்தால் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பு தெரியாத்தனமாகப் போடப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள். காலாண்டுக்கு ஒரு முறை இருவரும் உட்கார்ந்து பார்க்க இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தில் "நீ அதை வாங்காமல் இருந்திருந்தால்" என்று தொடங்கும் வாக்கியம் கூடாது என்று நாங்கள் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் காப்பாற்றுகிறோம்.

முதல் தாளில் சில எண்கள் சரியாகக் கிடைக்காது. சரண்டர் மதிப்பு தெரியாது, பழைய ஓய்வூதியக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருக்கும். அதற்காக மொத்த வேலையையும் தள்ளிப்போட வேண்டாம். குறைவாக ஒரு மதிப்பைப் போட்டு, கட்டத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசிவிட்டு மேலே போங்கள். அடுத்த காலாண்டில் மஞ்சள் கட்டங்களை மட்டும் துரத்தினால் போதும். எங்கள் தாளில் எல்லா மஞ்சளும் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியாகப் போனது அப்பா பெயர் இருந்த அந்தக் கணக்கு.